டெட்லிஃப்டுக்கு எந்த பெல்ட்? நான்கு வகையையும் பாரோடு சேர்த்து ஒரு பார்வை

டெட்லிஃப்ட் என்பது, இரண்டு முனையிலும் பிளேட் எனும் வட்டப் பாரங்கள் போட்ட இரும்புக் கம்பியை, அதாவது பாரை, தரையிலிருந்து தூக்கி நேராக நிமிர்கிற பயிற்சி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாழ்ப்பாணத்து ஜிம் ஒன்றில் வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் டெட்லிஃப்ட் செய்கிறவருக்கு 10 சென்ரிமீற்றர் அகலமும் 10 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட, ஒற்றை முள் பக்கிள் வைத்த தோல் பெல்ட் காணும். முள்ளுக்குப் பதிலாக நெம்புகோலைத் தட்டிப் பூட்டும் லீவர் பெல்ட் நல்ல சாமான்தான், ஆனால் இங்கே அதற்குச் சில இடைஞ்சல்கள் உண்டு. நைலோன் வெல்குரோ பெல்ட் பாரம் குறைந்த வேலைக்கு. பின்னால் அகன்று முன்னால் ஒடுங்கும் 'பொடிபில்டிங்' பெல்ட்டை டெட்லிஃப்டுக்கென்று காசு கொடுத்து வாங்காதீர்கள். கையில் ஏற்கனவே இருந்தால் வேறு உடற்பயிற்சிக்குக் கட்டலாம்.

பெல்ட் என்ன செய்கிறது என்பதில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள். அது நாரியைத் தாங்கிப் பிடிப்பதில்லை. மூச்சை ஆழ இழுத்து அடக்கும்போது பிரிமென்றகடு கீழே இறங்குகிறது, வயிற்றைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன, வயிற்றறைக்குள் அழுத்தம் ஏறுகிறது. காற்றடித்த ரயர் பாரத்தைத் தாங்குவதுபோல அந்த அழுத்தம் முள்ளந்தண்டுக்கு முன்பக்கத்தில் நின்று தாங்குகிறது. பெல்ட், அந்தத் தசைகள் முட்டித் தள்ளுவதற்கு ஒரு சுவர். தள்ள வேண்டியது நீங்கள். தள்ளாவிட்டால் இடுப்பில் இருப்பது வெறும் தோல். சந்தையில் மூட்டை இறக்கும் நாட்டாமைமார் துவாயை வரிந்து கட்டினாலும், தம் பிடித்த பிறகுதான் மூட்டையை அசைப்பார்கள். துவாயை மட்டும் பார்த்துவிட்டுத் தம்மைக் கவனிக்காமல் விடுவதுதான் ஜிம்மில் நடக்கிறது.

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் 1994இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேலைத்தளங்களில் தொழிலாளர் அணியும் முதுகுப் பட்டிகள் காயத்தைத் தடுக்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பது அதன் சாரம். அது ஜிம்மில் கட்டும் தோல் பெல்ட்டைப் பற்றிய பேச்சு அல்லத்தான். ஆனால் பார்மசியில் விற்கும் இலாஸ்ரிக் நாரிப்பட்டியைக் கட்டிக்கொண்டு 100 கிலோவுக்கு முன்னால் போய் நிற்பவர் அதைத் தனக்கும் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம், லற்வியாவின் கொன்ஸ்ரான்ரின் கொன்ஸ்ரான்ரினோவ்ஸ் 2009இல் 426 கிலோவை பெல்ட் இல்லாமலே தூக்கினார். அவர் கட்டாததால் யாரும் கட்டக்கூடாது என்று இல்லை. சுவர் இல்லாமலும் தள்ளத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் கடைக்குப் போக முன் வீட்டில் ஒரு சோதனை. தரையில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடித்து, இரண்டு கையின் பெருவிரலும் நாரிப்பக்கமும் மற்ற விரல்கள் முன்பக்கமும் வருமாறு விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பிடியுங்கள். மூச்சை இழுக்கும்போது நெஞ்சு எழும்பாமல், இரண்டு பக்கமும் பெருவிரலும் தள்ளப்பட வேண்டும். இருமப் போகும்போது வயிறு எப்படி இறுகுமோ அப்படி இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள். இதையே பிறகு நின்றபடி செய்யுங்கள். முன்வயிறு மட்டும் தள்ளி, பக்கமும் பின்னும் அசையாவிட்டால் இன்னும் இரண்டு கிழமை இதைப் பழக வேண்டும். உங்கள் உடல் நிறையளவு பாரத்தை பெல்ட் இல்லாமல், நாரி வளையாமல், ஐந்து தடவை எடுக்க முடிந்த பிறகு பெல்ட்டைப் பற்றி யோசிப்பது நல்லது என்பது எங்கள் கணக்கு.

நைலோன் வெல்குரோ

விலை குறைவு, மெல்லியது, பைக்குள் சுருட்டி வைக்கலாம், வியர்வையில் நனைந்தால் தோய்த்துக் காயவிடலாம். இந்த ஊர் வெக்கைக்கு அது சின்ன விடயம் இல்லை. வேண்டிய அளவுக்கு இறுக்கலாம், ஓட்டை எண்ண வேண்டியதில்லை. பாரத்தைத் தோளுக்கு எடுக்கும் கிளீன், வேகமான சுற்றுப் பயிற்சி போன்றவற்றுக்கு வளைந்து கொடுக்கும் இந்தப் பெல்ட்தான் வசதி.

டெட்லிஃப்டில் அதன் பலவீனம் வெல்குரோவில் இருக்கிறது. வயிறு முழுப் பலத்தோடு தள்ளும் நேரத்தில் 'சர்ர்' என்று பிரியும். பாரம் முழங்காலடியில் இருக்கும்போது அது பிரிந்தால் தம்மும் சேர்ந்து போய்விடும், நாரி அந்தக் கணத்திலேயே வளையும். புதிதில் பிடிக்கும். நூலும் தலைமயிரும் தூசியும் கொழுவிப் பக்கத்தில் ஏறிய பிறகு பிடி தளரும். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கிழமைக்கு ஒருமுறை வாரிவிட்டால் ஆயுள் கூடும். வாங்கும்போது வெல்குரோ ஒன்றன்மேல் ஒன்று எவ்வளவு நீளத்துக்குப் படிகிறது என்று பாருங்கள். ஒரு சாணாவது படிய வேண்டும். சில வகைகளில் வெல்குரோவோடு உருளைப் பூட்டு ஒன்றும் இருக்கும், அது பரவாயில்லை.

முன்னால் ஒடுங்கும் தோல் பெல்ட்

விளையாட்டுச் சாமான் கடையில் "ஜிம் பெல்ட் இருக்கோ?" என்று கேட்டால் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் இதுதான். பின்னால் 15 சென்ரிமீற்றர்வரை அகலம், முன்னால் அதில் அரைவாசியோ அதிலும் குறைவோ. பார்க்கக் கம்பீரம். அழுத்தம் முன்னாலும் பக்கத்திலும் பின்னாலும் சமமாக முட்ட வேண்டிய வேலைக்கு, முன்னால் சின்னத் துண்டு மட்டும் வைத்திருப்பது பின்பக்கம் கல் அடுக்கி முன்பக்கம் கிடுகு கட்டிய மதில் மாதிரி. டெட்லிஃப்டுக்குக் குனியும்போது பின்னாலுள்ள அகலம் விலாவிலும் இடுப்பெலும்பிலும் இடித்து, சரியான இருப்புக்குப் போகவிடாமல் தடுக்கும். இன்னொன்று, டெட்லிஃப்ட் ஒரு பிரிவாக உள்ள விளையாட்டான வலுதூக்கலின் சர்வதேச சம்மேளன விதிப்படி பெல்ட்டின் அகலம் 10 சென்ரிமீற்றரையும் தடிப்பு 13 மில்லிமீற்றரையும் தாண்டக்கூடாது. போட்டி நோக்கம் உள்ளவருக்கு இது அங்கேயே முடிந்துபோன கதை. ஒலிம்பிக்கில் நடக்கும் பளுதூக்கல் போட்டிக்கு அளவு வேறு, அங்கே 12 சென்ரிமீற்றர்வரை அனுமதி. இரண்டு விளையாட்டையும் குழப்பிக்கொண்டு பெல்ட் வாங்கியவர்கள் உண்டு.

10 மில்லிமீற்றர், ஒற்றை முள்

சுற்றிலும் ஒரே அகலம். முதல் மாதம் பலகையைச் சுற்றிக் கட்டியதுபோல இருக்கும். இடுப்பெலும்புக்கு மேலும் கடைசி விலாவிலும் சிவந்து கன்றும். அதற்காக அளவு பிழை என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம். வீட்டில் இருக்கும் நேரத்தில் இறுக்கச் சுருட்டி, அவிழ்த்து, மறுபக்கமாகவும் சுருட்டி, நாளுக்கு இருபது முப்பது தடவை செய்தால் மூன்று நான்கு கிழமையில் பணியும். எண்ணெய் ஊற்றி ஊறவைத்து மெதுவாக்குகிற யோசனை வேண்டாம். தேங்காயெண்ணெய் தோலைப் பணிய வைக்கும், கூடவே வலுவையும் தளர்த்தி, ஓட்டைகளை இழுபடச் செய்யும்.

கடையிலோ, டராஸ் போன்ற இணையக் கடையில் வாங்கிப் பொதியைத் திறக்கும்போதோ பார்க்க வேண்டியவை சில. வெட்டுமுனையைப் பாருங்கள். உண்மையான தோலில் முனை ஒரே நிறமாக, நார் நாராகத் தெரியும். தோல்களை ஒட்டித் தைத்ததாக இருந்தாலும் ஒவ்வொரு படையும் தோலாகவே இருக்கும். நடுவில் பஞ்சோ, கடதாசி மட்டை போன்ற நிரப்பியோ தெரிந்தால், மேலே எவ்வளவு பளபளத்தாலும் அது றெக்சின். மாரி காலத்தில் அந்த நிரப்பி ஈரத்தைக் குடித்து ஊதி, தையல் பிளக்கும். முனை முழுக்கக் கறுப்புச் சாயம் தடித்துப் பூசியிருந்தால் ஓட்டைக்குள் எட்டிப் பாருங்கள், அங்கே சாயம் பூசியிருக்க மாட்டார்கள். பெருவிரலால் அமத்தினால் குழி விழக்கூடாது. தராசு இருந்தால் இன்னும் சுலபம். 10 சென்ரிமீற்றர் அகலத்தில் 10 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு மீற்றர் நீளத் தோல், பக்கிளோடு கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும். அரைக் கிலோதான் வருகிறதென்றால் தடிப்பையோ பொருளையோ பற்றிச் சொன்னது பொய். பக்கிளைத் தோலோடு பிணைக்கும் தறைகள் குறைந்தது நான்காவது இருக்கட்டும். முள், வளைத்த கம்பியாக இல்லாமல் தடித்த உருக்காக இருக்கட்டும். உட்பக்கம் மயிர்போலச் சொரசொரப்பாக இருந்தால் வியர்த்த உடம்பிலும் வழுக்காது.

இரட்டை முள்ளுக்குக் கூடுதல் பலம் ஒன்றும் இல்லை. ஒற்றை முள் உடைந்து பாரம் விழுந்த கதை அபூர்வம். ஆனால் மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டு முள்ளையும் இரண்டு ஓட்டையிலும் ஒரே நேரத்தில் செருகுவதும் எடுப்பதும் பெரிய அந்தரம்.

லீவர்

ஒரே தட்டில் பூட்டும், ஒரே தட்டில் திறக்கும். ஒவ்வொரு முறையும் அச்சொட்டாக அதே இறுக்கம். போட்டிக்காரர்கள் பலர் இதைக் கட்டுவதற்குக் காரணம் அதுதான். அமெரிக்காவின் இன்சர் நிறுவனத்து லீவரில் இறுக்கத்தை மாற்ற இரண்டு திருகாணிகளைக் கழற்றி வேறு ஓட்டைக்கு நகர்த்த வேண்டும். பிரித்தானியாவின் எஸ்பிடி பெல்ட்டில் லீவரையே தடத்தில் நகர்த்தி மாற்றலாம், திருகாணி முடுக்கி தேவையில்லை. விலையிலும் அந்த வித்தியாசம் தெரியும்.

இங்கே எங்களுக்குள்ள தயக்கம் மூன்று. பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டுக்கு வேண்டிய இறுக்கம் டெட்லிஃப்டுக்கு ஆகலும் கூட. முள் பெல்ட்டில் ஒரு ஓட்டை தளர்த்துவது ஒரு நொடி, திருகாணி லீவரில் அது ஐந்து நிமிட வேலை. இரண்டாவது, ஜிம்முக்கு ஒரு பெல்ட் வாங்கி எல்லோரும் மாறிமாறிக் கட்டுகிற வழக்கம் இருக்கும் இடத்தில் லீவர் ஒருவருடைய இடுப்புக்கு மட்டும்தான் உதவும். மூன்றாவது, லீவர் உடைந்தாலோ திருகாணி தொலைந்தாலோ மாற்றுத்துண்டு வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். முள் பெல்ட்டின் தறை கழன்றால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கிறவரே போட்டுத் தருவார். லீவர்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால் கிழமைக்கு ஒருமுறை திருகாணிகளை இறுக்கிப் பாருங்கள். பூட்டும்போது விரலை உள்ளே விடாதீர்கள்.

13 மில்லிமீற்றர் தடிப்பு பெரும்பாலானவருக்குத் தேவையில்லை. பணிய மாதக்கணக்கில் எடுக்கும், மெலிந்த உடம்பில் விலாவை வெட்டும்.

அளவு

காற்சட்டை அளவைச் சொல்லி பெல்ட் வாங்காதீர்கள். 30 அங்குலக் காற்சட்டை போடுகிறவருக்குத் தொப்புளைச் சுற்றி 33, 34 வரலாம். தையற்கார நாடாவைத் தொப்புளுக்கு நேரே, மெல்லிய சட்டைக்கு மேலால், வயிற்றை உள்ளே இழுக்காமல் சுற்றி அளந்து, அந்த அளவு நடு ஓட்டையில் விழும் பெல்ட்டை எடுங்கள். இரண்டு பக்கமும் இரண்டு மூன்று ஓட்டைகள் மிஞ்சினால் மெலிந்தாலும் கொழுத்தாலும் உதவும். எங்கள் பெடியளில் பலருக்கு வெளிநாட்டுச் 'சிறிய' அளவே பெரிது. பரிமாண அட்டவணையில் எக்ஸ்எஸ் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கடைசி ஓட்டையைத் தாண்டிப் புது ஓட்டை போடுவதானால் சப்பாத்துத் தைக்கிறவரிடம் துளைக்கும் உளியால் நடுக்கோட்டில் போடச் சொல்லுங்கள். ஆணியைச் சூடாக்கிக் குத்தினால் சுற்றியுள்ள தோல் கருகி, வெடிப்பு அங்கிருந்து தொடங்கும்.

உயரம் குறைந்தவர்கள், பெண்கள் பலர், உடல் குட்டையாகக் கால் நீளமானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் இடையில் நான்கு விரல் போகாவிட்டால் 10 சென்ரிமீற்றர் பெல்ட் குனியும்போதெல்லாம் கிள்ளும். ஏழரை சென்ரிமீற்றர் அகலத்தில், அதே 10 மில்லிமீற்றர் தடிப்பில் கிடைப்பதை எடுங்கள். டெட்லிஃப்டுக்கு மட்டும் என்றால் உயரமானவர்கள்கூட இதை விரும்புவதுண்டு.

பெல்ட்டைக் குறை சொல்ல முன் பாரைப் பாருங்கள்

போட்டியில் பயன்படும் பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். ஆகவே பாரின் நடு தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். டெட்லிஃப்டின் இருப்பு முழுவதும் அந்த உயரத்தை வைத்துத்தான். நம் ஜிம்களில் இரும்பு 10 கிலோ பிளேட்டின் விட்டம் கிட்டத்தட்ட 30 சென்ரிமீற்றர்தான் இருக்கும். அதைப் போட்டால் பார் ஏழரை சென்ரிமீற்றர்வரை கீழே போய்விடும். அந்த ஏழரை சென்ரிமீற்றரைக் குனிந்து பிடிக்கத்தான் நாரி வளைகிறது, பழி பெல்ட்டில் விழுகிறது. நாடாவை எடுத்து அளந்து, குறையும் உயரத்துக்கு இரண்டு பக்கமும் இறப்பர் பாயோ பனம் பலகையோ அடுக்குங்கள். இரண்டு பக்கமும் ஒரே உயரம், பிளேட் உருளாதபடி. மேல்மாடியில் மாபிள் தரை போட்ட ஜிம் என்றால் பலகைக்கு மேல் பாய் கட்டாயம், கீழ்வீட்டுக்காரருக்காகவும்தான்.

பிளேட்டில் எழுதியிருப்பதையும் வாசியுங்கள். சிலவற்றில் கிலோ, சிலவற்றில் இறாத்தல். 45 இறாத்தல் என்பது 20.4 கிலோ, அதைப் 20 என்று எண்ணினால் பெரிய நட்டமில்லை. 25 இறாத்தலை 25 கிலோ என்று எண்ணிக்கொண்டு ஒரு பக்கம் அதையும் மறுபக்கம் உண்மையான 25 கிலோவையும் போட்டால் வித்தியாசம் 13 கிலோவுக்கும் மேல். பார் ஒருபக்கம் முதலில் எழும்பி உடம்பை முறுக்கும்.

காலுக்குத் தட்டையான, அமுங்காத அடிப்பாகம் வேண்டும். ஓடும் சப்பாத்தின் பஞ்சுக் குதி பாரத்தில் அமுங்கி ஆட்டும். பாட்டாச் செருப்பு வேண்டவே வேண்டாம். வெறுங்கால் நல்லது, ஜிம்காரர் விட்டால்.

கட்டுவதும் எடுப்பதும்

ஐந்து தடவை 100 கிலோ எடுப்பது அன்றைய நோக்கம் என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோவில் ஐந்து, 60இல் ஐந்து, 80இல் மூன்று, இவை பெல்ட் இல்லாமல். பெல்ட் கட்டி 90இல் ஒன்று, பிறகு 100. பொதுவாக உங்கள் உச்சப் பாரத்தின் 80 சதவீதத்தை நெருங்கும்போது கட்டினால் காணும். கைமசிலுக்கு முழங்கையை மடக்கிப் பாரம் தூக்கும்போதும் பெல்ட் கட்டியிருப்பவரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், கழற்ற மறந்திருப்பார்.

டெட்லிஃப்டுக்கு பெல்ட் ஸ்குவாட்டைவிடச் சற்று மேலே வர வேண்டும். கீழ்விளிம்பு இடுப்பெலும்பைத் தொடாமல், மேல்விளிம்பு கடைசி விலாவை மெல்லத் தொட்டபடி. முன்பக்கம் ஒரு விரல் உயர்ந்து சரிந்திருந்தால் குனியும்போது தொடை இடிக்காது. பக்கிள் நேர் நடுவில் குத்தினால் ஓரமாகத் தள்ளிவிடுங்கள். இறுக்கம்: மூச்சை வெளியே விட்ட நிலையில் பெல்ட்டுக்கும் வயிற்றுக்கும் இடையில் ஒரு விரல் சிரமப்பட்டுப் போக வேண்டும். மூச்சை இழுத்துத் தள்ளினால் அந்த விரல் நசிய வேண்டும். காலை பாரில் ஊன்றி, இரண்டு பேர் பிடித்து இழுத்துக் கட்டுகிற அளவு இறுக்கினால் மூச்சு நெஞ்சுக்கு ஏறும், வயிறு தள்ள இடமிருக்காது, பாருக்குக் குனியவும் முடியாது. அதே பெல்ட்டில் ஸ்குவாட்டுக்குக் கட்டும் ஓட்டையிலிருந்து ஒன்று தளர்த்துவதே வழக்கம்.

இப்போது இழுப்பு. பாதங்கள் இடுப்பளவு அகலத்தில், பார் பாதத்தின் நடுவுக்கு நேர் மேலே. நிமிர்ந்து நிற்கும்போது கணைக்காலுக்கும் பாருக்கும் இடையில் ஓர் அங்குலம். பாதத்தின் நடு என்றால் குதியிலிருந்து விரல் நுனிவரை எடுத்து அதில் பாதி. கண்ணுக்குத் தெரியும் முன்பாதத்தின் பாதி அல்ல. நின்றபடியே பெரும்பகுதி மூச்சை எடுங்கள். குனிந்தபின் பெல்ட் மடித்துப் பிடிப்பதால் முழுமூச்சு ஏறாது. இடுப்பைப் பின்னே தள்ளிக் குனிந்து, காலுக்குச் சற்று வெளியே பாரைப் பிடியுங்கள். பிடித்த பிறகு முழங்காலை முன்னே கொண்டுவந்து கணைக்காலால் பாரைத் தொடுங்கள், ஆனால் பாரை நகர்த்த வேண்டாம். நெஞ்சை உயர்த்துங்கள். கக்கத்தில் துவாயொன்றை வைத்து ஒருவர் இழுக்க, நீங்கள் விடாமல் இறுக்குவதுபோல மேற்புயத்தை உடம்போடு ஒட்டுங்கள். மிச்ச மூச்சை நிரப்பி பெல்ட்டின் முழுச் சுற்றையும் தள்ளுங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. பிறகு பார் மெல்ல வளைந்து பிளேட்டின் ஓட்டையில் 'கிளிக்' என்று முட்டும்வரை இழுவையை ஏற்றி, அதன்பின் தரையைக் காலால் கீழே தள்ளுங்கள். பார் கணைக்காலையும் தொடையையும் உரசியபடியே மேலே வர வேண்டும். முடிவில் நேராக நிமிர்ந்து பிட்டத்தை இறுக்குவதோடு சரி. பின்னால் சாய்ந்து வில்லாக வளைவது பாரத்தை நாரி மூட்டுகளில் ஏற்றும், போட்டியிலும் அதற்கு ஒன்றும் கூடக் கிடைக்காது.

இறக்கும்போது முதலில் இடுப்பு பின்னே, பார் முழங்காலைத் தாண்டிய பிறகு முழங்கால் மடிப்பு. வரிசை மாறினால் பார் முழங்காலைச் சுற்றி முன்னே போகும், நாரி அதைப் பின்தொடரும். பாரமான செட்டில் தரையில் துள்ளவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள். வைத்து, மூச்சை விட்டு, நிரப்பி, திரும்ப எடுங்கள்.

பிழைகளில் அதிகம் பார்ப்பது, பார் எழும்ப முன் பிட்டம் எழும்புவது. காரணம் பெரும்பாலும் தொடக்கத்தில் இடுப்பை ஸ்குவாட் போலக் கீழே இறக்கியதுதான். உடம்பு தனக்கு வேண்டிய உயரத்துக்குத் தானே போய்விட்டுத்தான் இழுக்கும், அதற்குள் முழங்காலின் பங்கு முடிந்துவிடும். இடுப்பைக் கொஞ்சம் உயர்த்தித் தொடங்கினால் தீரும். அடுத்தது பார் உடம்பைவிட்டு விலகுவது. இரண்டு அங்குலம் முன்னே போனாலும் நாரியில் நெம்புகோல் நீளுகிறது, அதே 100 கிலோ அதைவிட மிகக் கனமாக இழுக்கும். மூன்றாவது கண்ணாடி. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த ஜிம்மில் தன்னைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்துகிறார்கள். பார்வை இரண்டு மூன்று மீற்றர் தள்ளித் தரையில் இருக்கட்டும். கலப்புப் பிடியில், அதாவது ஒரு உள்ளங்கை முன்னும் ஒன்று பின்னும் பார்க்கப் பிடிக்கும்போது, முழங்கையை மடித்து இழுப்பது மிக ஆபத்து. உள்ளங்கை முன்னே பார்க்கும் கையின் பைசெப்ஸ் தசைநார் அங்கேதான் அறுகிறது. கை கயிறுபோல நேராகத் தொங்க வேண்டும்.

வியர்த்த கைக்குச் சிலர் முகப்பவுடர் பூசுகிறார்கள். அது எதிர்வேலை செய்யும், வழுக்கும். கைக்கு வேண்டியது மக்னீசியம் காபனேற்றுச் சோக்கு. ஜிம்மில் தூசி என்று தடுத்தால் திரவச் சோக்கு. முகப்பவுடர் தொடையில் பார் வழுக்கி ஏறத்தான் உதவும்.

செட் முடிந்ததும் பெல்ட்டைத் தளர்த்துங்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் ஓய்வு. தம் பிடிக்கும்போது இரத்த அழுத்தம் சட்டென ஏறி, விடும்போது சட்டென இறங்கும். எழும்பியவுடன் கண் இருண்டால் பாரை வைத்துவிட்டு உட்காருங்கள். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் இருப்பவர்கள் அந்த நாட்களில் பாரத்தைக் குறைத்து, பெல்ட் இல்லாமல் செய்வது புத்தி. மறுபக்கம், பிட்டும் கறியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் பெல்ட்டை இறுக்கினால் என்ன மேலே வரும் என்று சொல்லத் தேவையில்லை. உயர் இரத்த அழுத்தம், குடலிறக்கம், இருதய நோய், கண் விழித்திரைப் பிரச்சினை, கர்ப்பம், அண்மையில் வயிற்றில் சத்திரசிகிச்சை, இவற்றில் ஏதாவது இருந்தால் வைத்தியரைக் கேட்காமல் தம் பிடித்துத் தூக்கவும் கூடாது, பெல்ட் கட்டவும் கூடாது. கால் விறைப்பு, காலுக்கு இறங்கும் மின்னல் போன்ற வலி இருந்தால் அது பெல்ட்டால் தீரும் நாரிப்பிடிப்பு அல்ல.

தோலைப் பேணுவது

வியர்வை உப்பும் கடற்காற்றும் பக்கிளைத் துருப்பிடிக்க வைக்கும், ஐப்பசி கார்த்திகை மழை தோலில் பூஞ்சணம் பிடிக்க வைக்கும். பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, பைக்குள் போட்டு மூடாமல், காற்றோட்டமான நிழலில் கொழுவி விடுங்கள். வெயிலில் போட்டால் ஒரே கோடையில் வெடிக்கும். மெல்லிய பனியனொன்றை உள்ளே போட்டுக் கட்டினால் வியர்வை பாதிதான் தோலுக்குப் போகும். பூஞ்சணம் வந்துவிட்டால் ஒரு பங்கு வினாகிரிக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். பக்கிளின் முள் அசையும் இடத்தில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு, தோலில் படாமல். ஜிம்மின் பொது பெல்ட்டைக் கட்டுகிறவர்கள் கட்ட முன் முள் நுழையும் ஓட்டைகளைப் பாருங்கள். வட்டமாக இல்லாமல் நீண்டு கிழிந்திருந்தால் அந்த ஓட்டையை விட்டு அடுத்ததில் பூட்டுங்கள். அடுத்ததும் அப்படியே என்றால் அந்த பெல்ட்டில் 60 கிலோவுக்கு மேல் நம்பிக்கை வைக்க வேண்டாம்.